பசிபிக்கில் ஓர் அவதி

‘குடும்பத்தோடு அவதியைக் கொண்டாட வாருங்கள்!’

சென்ற வாரம் என் கைப்பேசியில் வந்து விழுந்த அழைப்பு இது. கீழே ஒரு வெண்ணிறக் கப்பல். நகர் நடுவே நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பை யாரோ அடியோடு பெயர்த்துக் கடலில் மிதக்கவிட்டாற்போன்ற தோற்றம். அதற்கும் கீழே தென்னை மரங்கள், வெண்மணல், நீலக் கடல். பசிபிக் தீவுகளுக்குப் பதினொரு நாள் உல்லாசப் பயணமாம்.

அவதியைக் கொண்டாடுவதா? துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், மறக்க முயலலாம். குடும்பத்தைக் கூட்டிவைத்துக் கொண்டாடும் வழக்கம் எந்த நாட்டில் உண்டு?

இப்பத்தியைத் தொடர்ந்து படித்துவரும் அன்பர்களுக்கு நோய் எதுவென்று இதற்குள் விளங்கியிருக்கும். திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு மலையாளம் பக்கத்து வீடு அன்று. நம் வீட்டின் இன்னோர் அறை. அந்த அறையில் அவதி என்றால் விடுமுறை. இந்த அறையில் அவதி என்றால் துன்பம். ‘நாளைக்கு ஸ்கூல் அவதி’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும்போதெல்லாம், ‘விடுமுறை என்று சொல்’ எனத் திருத்தித் திருத்தி என் தொண்டை தேய்ந்தது. பிள்ளைகள் திருந்தவில்லை. இப்போது அந்தச் சொல்லை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பலே வந்துவிட்டது.

அழைப்பை அனுப்பியவன் என் மைத்துனன் ஆறுமுகம். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை நடத்துபவன். ஆணியும் கம்பியும் விற்றுச் சலித்துப்போய்க் கடலைக் காணத் துணிந்திருக்கிறான். அவனும் மனைவி மீனாவும் செல்வதென்று முடிவாகிவிட்டது. நானும் என் மனைவியும் உடன்வர வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டுமாம். அன்று மாலையே நேரில் வந்து நின்றான்.

“அத்தான், பாத்தியளா? என்ன மாதிரி கப்பல்!”

“பாத்தேன். ஒவ்வோர் அறையிலயும் எந்நேரமும் சூடு வெள்ளம் உண்டுன்னு போட்டிருக்கான். அறைக்குள்ள வெள்ளம் வந்தா கப்பல் முங்குதுன்னு அர்த்தம். அதுவும் சூடாவா முங்கும்?”

“ஐயோ, அது குளிக்கிற தண்ணி அத்தான். மலையாளத்துல வெள்ளம்னா...”

“எனக்குத் தெரியும். தமிழ்ல அச்சடிச்சவனுக்குத் தெரியல்லியே!”

“நீங்க கப்பல்ல ஏறுவியளா, இல்ல புரூஃப் பாப்பியளா?”

அடுக்களை வாசலில் நின்றிருந்த கோமதி வாய்விட்டுச் சிரித்தாள். கோமதி என் மனைவி, ஆறுமுகத்தின் அக்கா. அவள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. சிரித்து முடித்துக் கைப்பேசியை வாங்கி, அந்தக் கப்பலை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாளே... அதில்தான் எனக்குக் கலக்கம் பிறந்தது.

ஆகவே என் தரப்பைத் தாமதமின்றி எடுத்துரைத்தேன்.

பசிபிக் தீவுகளில் அப்படி என்னதான் இருக்கிறது? தென்னை. தேங்காய் தலையில் விழாமல் நடப்பதையே நடைப்பயிற்சியாகக் கொண்டவர்கள் நாம். நமக்குத் தென்னையைக் காட்டுகிறார்களாம். அடுத்து, மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு. அங்கே அதை விருந்து என்று பரிமாறுவார்களாம். பிறகு, பலாவின் இனமான, நாம் சீமைச்சக்கை என்று சொல்லும் காய். அதை நெருப்பில் சுட்டுத் தருவது தனிச்சிறப்பாம். என் கொல்லையில் அந்த மரம் காய்த்துத் தள்ளுகிறது. நான் காயோடு வருவதைக் கண்டால் அண்டை வீட்டார் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்! மழை எந்நேரமும் பெய்யலாமாம். வேர்வைக்கும் குறைவில்லையாம். அதாவது, விமானம் மாறி மாறிச் சிட்னி வரை சென்று, அங்கே கப்பலேறி, அலைமேல் அலைந்து, இறுதியில் நாம் கண்குளிரக் காணப்போவது எது?

திருவனந்தபுரம்.

“அங்க உள்ளதெல்லாம் இங்கயே உண்டு!” என்று முழங்கி முடித்தேன். என் வாழ்நாளின் சிறந்த சொற்பொழிவுகளுள் அது ஒன்று. அவ்வாறு கருதியவன் நான் ஒருவனே என்பது பின்னர்த் தெரிந்தது.

“ஃபிஜியில நம்ம தமிழ் ஆளுவ உண்டாம் அத்தான்” என்றான் ஆறுமுகம், என் பலவீனத்தைக் குறிவைத்து.

உண்டு. கரும்புத் தோட்ட வேலைக்கென்று கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வழிவந்தோர். அவர்கள் சென்ற கப்பலில் பஃபே இல்லை; நீச்சல்குளம் இல்லை; நடுக்கடலில் நடன விருந்தும் இல்லை. அக்கப்பலில் அவதி என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். இதைச் சொன்னதும் மைத்துனன் தன் கைப்பேசியில் ஃபிஜியைத் தேடி எடுத்தான். பிறகு, “அப்ப அவங்களையும் பாத்துட்டு வந்துரலாம்லா?” என்றான். அவனிடம் எதைச் சொன்னாலும் அது பயணத்திட்டத்தில் இன்னோர் இடமாகச் சேர்ந்துவிடுகிறது.

மறுநாள், பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, அருகிலிருந்த பயண முகவர் அலுவலகத்துக்கு மூவரும் சென்றோம். இரண்டு சொற்களைத் திருத்திக் கொடுத்துவிட்டுத் திரும்புவது என் நோக்கம். கோமதியின் நோக்கத்தை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முகவரின் பெயர் சுனில். மும்மொழியையும் ஒரே வாணலியில் போட்டுக் கிளறும் ஆற்றல் பெற்றவர்.

“சாரே, அந்தத் தமிழ் கொஞ்சம் மிஸ்டேக் ஆயிப்போச்சு. மெஷின் போட்டதாக்கும். பட்சே, கப்பல்ல ஒரு மிஸ்டேக்கும் இல்ல, கேட்டோ!”

“கப்பலை ஓட்டுறதும் மெஷின்தானே?”

சுனில் சிரித்தார். விற்பவர்களுக்கே வாய்த்த, எதனாலும் புண்படாத சிரிப்பு. கப்பலில் இட்லி உண்டு, சாம்பார் உண்டு, முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவியல்கூட உண்டு என்று அடுக்கினார். அவியல் உண்பதற்குப் பழவங்காடியிலிருந்து பசிபிக் வரை செல்லும் அறிவாற்றல் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை என்று தெரிவித்தேன். அதற்கும் சிரித்தார்.

அப்போது கோமதி ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தக் கப்பல்ல அடுக்களைக்கு நாம போகவே வேண்டாமா?”

“எந்தா சேச்சி! அடுக்களையோ? அங்க ஸ்டாஃப் மட்டும்தான். நீங்க போனாலும் உள்ள விடமாட்டாங்க.”

“விடவே மாட்டாங்களா?”

“வாசல்லயே தடுத்துருவாங்க சேச்சி.”

கோமதியின் முகத்தில் அப்போது தோன்றியதற்குப் பொருத்தமான சொல்லை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். சற்றுமுன் பிள்ளையாருக்குத் தீபாராதனை காட்டியபோதுகூட அப்படியொரு மலர்ச்சியை நான் காணவில்லை.

“அப்ப நான் வாறேன்” என்றாள்.

ஆக, நீலக் கடலன்று, வெண்மணலன்று. உள்ளே விடாத ஒரு கதவு. அதைக் காணத்தான் அவள் பசிபிக் வரை போகத் துணிந்திருக்கிறாள். நான் தென்னையையும் மரச்சீனியையும் பற்றி முழங்கியதெல்லாம் வேறு யாரோ கேட்ட கேள்விக்கு விடை!

திரும்பும் வழியில் ஆட்டோவில் அவளே விளக்கமும் தந்தாள். “ஆபீஸ் போறவனுக்கு ஞாயித்துக்கிழமை உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஓணம் உண்டு, கிறிஸ்துமஸ் உண்டு. நீங்க ரிட்டயர் ஆனீய... உங்களுக்கு வருசம் முழுக்க லீவு. ஆனா முன்னால மூணு நேரம் கேட்ட சாப்பாடு, இப்ப பதினொரு மணிக் காப்பியோட நாலு நேரமாயிருக்கு.”

கணக்கு சரிதான். ஆனால் ஓர் ஆயுதம் கைவசம் மீதமிருந்தது. பொன்முடி மலைப்பாதையில் பேருந்து ஏறும்போதெல்லாம் கோமதிக்கு மூன்றாம் வளைவிலேயே குமட்டும். மலைக்கே அப்படியென்றால் கடலுக்கு? மிகுந்த பரிவோடு சொன்னேன்: “போறதுக்கு முன்னாடி உன் உடம்புக்குக் கடல் ஒத்துக்குமான்னு பாத்துரலாமே. விழிஞ்ஞத்தில ஒரு படகு பிடிப்போம்.” ஒரு மணி நேரப் படகுச் சவாரி, இரண்டு அலை, குமட்டலுக்கு ஓர் ஏலக்காய், பசிபிக் பேச்சுக்கு முற்றுப்புள்ளி. திட்டத்தில் எக்குறையும் இல்லை.

வியாழன் காலை ஆறுமுகத்தின் காரில் சென்று இறங்கினோம். படகோட்டியின் பெயர் ஸ்டெல்லஸ். கடற்காற்றில் தடித்த குரல். என்னைப் பிடித்து நிறுத்தி, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் ஆரஞ்சு நிற மிதவை அங்கியை மாட்டிவிட்டார். கோமதி தானே மாட்டிக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படகின் முனையில் போய் அமர்ந்தாள்.

படகு நகர்ந்தது. இத்தகைய சூழலில் தமிழ் கற்றவன் வாளாவிருத்தல் தகுமா?

“கோமதி, கடலுக்குத் தமிழ்ல எத்தனை பேர் தெரியுமா? ஆழி, பரவை, பௌவம், முந்நீர்... முந்நீர்னா மூணு நீர் சேர்ந்தது. ஒண்ணு ஆற்றுநீர். ரெண்டாவது ஊற்றுநீர்...”

மூன்றாவது நீர் என் வாயிலிருந்தே வந்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றைத் தூய தமிழில் எழுத இயலாது. வேறெந்தத் தமிழிலும் எழுத விரும்பவில்லை. படகின் விளிம்பே உலகம் என்றாகிவிட்டது. எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம், எப்போது கரை திரும்புவோம் என்று ஒருவாறு கேட்டேன்.

“கடல் இனிமேத்தான் வரும் சாரே” என்றார் ஸ்டெல்லஸ். “இது ஹார்பர்.”

புதுத் துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலைக் காட்டிக் கோமதி கூவினாள்: “இந்தாருங்க, அந்தக் கப்பல் ஆடவே இல்ல பாத்தியளா! நம்ம படகுதான் ஆடுது. பெரிய கப்பல்ல ஒரு கஷ்டமும் இருக்காது!”

நான் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் இல்லை.

“அம்மாவுக்குக் கடலைப் பிடிச்சுப்போச்சு” என்றார் ஸ்டெல்லஸ் ஆறுமுகத்திடம். “சாரைத்தான் கடலுக்குப் பிடிக்கல்ல.”

கரையேறியதும் ஒரு பெட்டிக்கடைப் பலகையில் என்னைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். கடைக்காரர் உப்பிட்ட எலுமிச்சைச் சாற்றை நீட்டி, “நாரங்கா வெள்ளம் குடிங்க சாரே” என்றார். வெள்ளம் என்றுதான் சொன்னார். நான் திருத்தவில்லை. குடித்தேன்.

கோமதி அருகில் வந்து அமர்ந்தாள். காற்றில் கலைந்த தலையோடு, கல்லூரிப் பெண்போல் தெளிவாக இருந்தாள்.

“உனக்கு ஏன் ஒண்ணும் செய்யல்ல?” என்று கேட்டேன். குரலில் குறை தொனித்திருக்கலாம்.

“பொன்முடியில மலையாலயா எனக்குக் குமட்டுச்சு? பக்கத்துல இருந்து வளைவுக்கு வளைவு ஏதாவது ஒரு சொல்லுக்கு வேர் சொல்லிட்டே வருவிய. இன்னைக்குத்தான் நீங்க பாதியில நிறுத்தினிய.”

ஆறுமுகம் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

வெள்ளிக்கிழமை காலை கோமதியின் கைப்பேசியில் அவன் அழைத்தான்; குரல் எனக்கும் கேட்டது. “அத்தானால முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அக்கா, நீ என்ன செய்யப்போற?”

நான் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தேன். ‘அவரை விட்டுட்டு நான் எப்படிப்பா’ என்ற விடையை என் செவிகள் முன்னமே கேட்டுவிட்டிருந்தன.

“என் பேரைக் கொடுத்துரு ஆறுமுகம்” என்றாள் கோமதி. “அவரு இங்க இருக்கட்டும்.”

அவள் கைப்பேசியைக் கீழே வைக்கும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. “அப்ப நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?”

உலகில் கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு.

“ஏன்? தேங்கா உண்டு. மரச்சீனி உண்டு. கொல்லையில சீமச்சக்க காய்ச்சுத் தொங்குது. நெருப்புல சுட்டாப் போதும், தனிச்சிறப்பு. அங்க உள்ளதெல்லாம் இங்கயே உண்டுன்னு நீங்கதானே சொன்னிய?”

மேற்கோள் பிழையின்றி எடுத்தாளப்பட்டிருந்தது. 

பசிபிக் தீவுகளுக்குக் கப்பலில் போவது தகுமா, தகாதா? நண்பர்கள் சிலர் இப்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். என் கருத்து மாறவில்லை. தென்னை எங்கும் தென்னைதான். அதைக் காணக் கடல் கடப்பது வீண்வேலைதான். ஆனால் நாள்தோறும் ஓய்வில் இருப்பவன் பிறருடைய ஓய்வுக்கு மதிப்பெண் போடலாமா என்னும் ஐயம் மட்டும் அண்மையில் தோன்றியிருக்கிறது. அந்தக் கப்பல் பசிபிக்குக்குப் போனால் என்ன, விழிஞ்ஞத்தையே சுற்றிச்சுற்றி வந்தால்தான் என்ன? கோமதிக்கு வேண்டியது அதன் அடுக்களைக் கதவு. அது சாத்தியிருந்தால் போதும்.

எனக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. நேற்று முதற்பாடம்: சோறு வடித்தல். வடிப்பதற்கு நீரும் இல்லை. சோறென்று பிரித்தறியப் பருக்கையும் இல்லை. இரண்டும் ஒன்றாகியிருந்தன. கோமதி அதைக் கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியில் எந்தப் புடவைகளை எடுத்துவைப்பது என்று மீனாவோடு கைப்பேசியில் பேசப் போய்விட்டாள்.

அந்நேரம் பார்த்துச் சுனில் அழைத்தார். விளம்பரத்தைப் புதிதாக அச்சிடுகிறார்களாம். “சாரே, அந்த ‘அவதி’யை மாத்தி வேற என்ன போடணும்?”

பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டே சற்று எண்ணிப் பார்த்தேன்.

“மாற்ற வேண்டாம். அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

போகிறவளுக்கு அது மலையாளம், இருக்கிறவனுக்குத் தமிழ்.