ஹீட்டர் மேல் வைத்த தொப்பி

என் வீட்டுக்காரர் தொப்பிக் கடையில் விற்பனையாளர். கடையில் அவருக்கு ‘வாத்தியார்’ என்று பெயர். பாடம் நடத்தாமல் ஒரு தொப்பிகூட விற்கமாட்டார், அதனால் வந்த பெயர்.

“இது கம்பளியும் முயல் முடியும் கலந்து அழுத்தின ஃபெல்ட் சார். முயல் முடி இருக்கறதால லேசா, வழவழன்னு இருக்கும். சாரல்ல தண்ணி உருண்டு ஓடிடும். கம்பளி கலந்ததால விலை கையக் கடிக்காது. ஆனா சூடு மட்டும் ஆகவே ஆகாது, சுருங்கிடும்!”

தொப்பியை உச்சியில் கிள்ளித் தூக்கக் கூடாது, விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கழற்றினால் மல்லாக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு சப்பையாகிவிடும். தூசியை மெத்தென்ற பிரஷ்ஷால் முடி படிந்திருக்கிற பக்கமாகவே தள்ள வேண்டும். நனைந்தால் உதறிவிட்டு, நெற்றியில் படுகிற உள்பட்டையை வெளியே திருப்பி, காற்றாடக் காயவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேனே! எனக்குக் காய்ச்சல் வந்தால் “மாத்திரை போடு” என்பதோடு சரி. தொப்பிக்கு ஒரு கோடு விழுந்துவிட்டால் வீடே அல்லோலகல்லோலப்படும்.

எங்களுக்கு ஒரே மகள். படிப்பு முடித்துச் சும்மா இருந்த சமயம், அவள் அப்பா மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். மறுநாள் காலை அவருக்குத் தொப்பி வேண்டுமே என்று அந்தப் பெண் நல்லெண்ணத்தில் அதை எடுத்து, குளிருக்காகக் கூடத்தில் வைத்திருக்கும் ஹீட்டர் மேல் வைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் தொப்பி கிண்ணமாகிக் கிடந்தது. மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அவளுடைய சிநேகிதி வந்து வாசலில் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்கவில்லை.

“இனிமே இந்த வீட்ல என் பொருள் எதையும் நீ தொடக் கூடாது!”

அவள் அழவில்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். எப்போதாவது வந்தால் நின்றுகொண்டே இருப்பாள். “உக்காருடி” என்றால், “சோபா அப்பா வாங்கினதும்மா” என்பாள். தண்ணீர்கூட நான்தான் கையில் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதம்! ஒருத்தர் மன்னிப்புக் கேட்கமாட்டார், இன்னொருத்தி மறக்கமாட்டாள். நடுவில் நான் மாட்டிக்கொண்டு திண்டாடுவேன்.

போன வாரம் போன் செய்தாள். “சர்டிஃபிகேட்டெல்லாம் எடுத்துட்டுப் போக வர்றேன். மறுநாள் காலையில கெளம்பிடுவேன். இனிமே நான் வரலம்மா. நீ வேணா அங்க வந்து பாரு.” வந்தால் நாலு நாளாவது இருக்க வைத்துவிட வேண்டும், எப்படி என்றுதான் தெரியவில்லை.

அவள் வந்த சாயங்காலம் நல்ல மழை. “பஸ் ஸ்டாண்டுக்குக் குடை எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா ராத்திரிச் சோறு கிடையாது” என்று இவரை விரட்டினேன். திரும்பி வரும்போது குடை முழுக்க அவள் தலைக்கு மேல் இருந்தது. இவர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குளிரில் வெடவெடவென்று நடுங்கினாள். அதைப் பார்த்ததும் இவருக்குக் கை கால் ஓடவில்லை. ஓடிப்போய் ஹீட்டரை முழுசாகத் திருகினார், தொப்பியைக் கழற்றி அதன் மேலேயே வைத்தார், “டீ போடறேன்” என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். தொப்பியிலிருந்து லேசாகப் புகை மாதிரி ஆவி வந்தது.

“நான் தொடக் கூடாதும்மா” என்றாள் மெதுவாக.

“நானும் தொடல” என்றேன்.

உள்ளே இவர் டம்ளர்களை உருட்டிக்கொண்டிருந்தார். சூடேறின கம்பளியிலிருந்து நனைந்த நாய் வாசனை அடிக்க ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் வெளியே ஓடி வந்தார்.

“ஐயய்யோ! யாரு இத இங்க வச்சது?”

“நீங்கதான்” என்றேன்.

திருட்டு முழி முழித்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார். உச்சியில் மூடி மாதிரி உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சுருங்கிய ஃபெல்ட்டை மீட்க ஒரே வழிதான். கெட்டில் ஆவியில் காட்டி, இளகும்போது இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் கை போதாது. இவர் கெட்டிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எனக்குத் தோள் வலி” என்று சொல்லிவிட்டேன். வலியாவது ஒன்றாவது!

தொப்பியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஆவியில் காட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சு இழும்மா.”

அவள் நின்ற இடத்திலிருந்தே கேட்டாள். “தொடலாமாப்பா?”

இவர் கெட்டிலைப் பார்த்தே பேசினார். “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புதான். வாசல்ல வேற ஆளு நின்னுச்சு... ஒரு தொப்பிக்காகப் பெத்த பொண்ண... தப்புதாம்மா.” அந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தையை என் ஆயுசில் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை.

அவள் வந்து விளிம்பைப் பிடித்தாள்.

“அப்படிக் கிள்ளாத, விரலப் பரப்பிப் பிடி!”

“ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள். இழுத்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

தொப்பி பழையபடி ஆகவில்லை. ஒரு பக்கம் காதைத் தொடுகிறது, இன்னொரு பக்கம் ஏறிக்கிடக்கிறது. அதையேதான் இவர் கடைக்குப் போட்டுக்கொண்டு போகிறார். யாராவது கேட்டால், “என் பொண்ணு இழுத்துக் கொடுத்தது” என்று இன்னொரு பாடம் ஆரம்பித்துவிடுகிறாராம். அவள் ஐந்து நாள் இருந்து, சோபாவில் காலை நீட்டிப் படுத்து, இவர் துண்டிலேயே தலை துவட்டிவிட்டுப் போனாள். சர்டிஃபிகேட்டையெல்லாம் அலமாரியிலேயே மறந்துவிட்டாளாம், அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்கிறாளாம்.