நண்டுக்குச் சட்டை

யாழ்ப்பாணத்து அரியாலையில் என் வீட்டு முன்னறையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பாடப்புத்தகத்தைத் தாண்டாதவன், குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியே பெயர் வாங்கிவிட்டேன். வாயும் கொஞ்சம் நீளம்.

குருநகரிலிருந்து ஒரு பெண் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். கணவனுக்கு லண்டனில் மீன்கடை வேலை. அவனிடம் போக விசா வேண்டும். விசாவுக்கு ஆங்கிலத்தில் பேசிக்காட்டும் பரீட்சை ஒன்றில் பாஸ் பண்ண வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து, கூச்சமில்லாமல் கதைப்பாள்.

ஒருநாள் கணவனின் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். அவர் நண்டு 'டிரெஸ்' பண்ணுகிறவர் என்றாள்.

"நண்டுக்குச் சட்டையோ தங்கச்சி போட்டுவிடுறவர்? சப்பாத்தும் உண்டோ?" என்றேன்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

"அவர் அப்பிடித்தான் சேர் சொன்னவர்" என்று சொல்லி அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை மனம் உறுத்த, அகராதியைப் புரட்டினேன். அந்த ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம். உடுத்துவது, காயத்துக்கு மருந்து கட்டுவது, கடைக் கண்ணாடியை அலங்கரிப்பது, கல்லைச் செதுக்குவது. கீழே நண்டும் கிடந்தது: அவித்துச் சதையெடுத்து, துப்புரவாக்கி, மறுபடி ஓட்டிலேயே வைத்துச் சாப்பிட ஆயத்தமாக்குவது. அவள் சொன்னது சரி.

அன்று பின்னேரம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பு. அத்தனை அர்த்தங்களையும், நெடுநாள் தெரிந்தவன் போல, பலகையில் எழுதினேன். நண்டையும் எழுதினேன். 'நேற்று இவ சொன்னது சரி' என்ற ஒரு வசனம் மட்டும் வாயில் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் குனிந்தபடி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் தானாக வாய் திறக்கவேயில்லை. அதையும் கண்டும் காணாதவன் போல இருந்தேன்.

பரீட்சை முடிவு வந்ததும் சொல்ல வந்தாள்.

"பெயில் சேர்."

"பரீட்சை வச்சவை என்ன கேட்டவை?"

"அவரின்ரை வேலையைக் கேட்டவை. நண்டு எண்டு சொல்ல வாயெடுத்தன். அவையும் சிரிச்சுப்போடுவினமோ எண்ட பயத்திலை, தெரியாது எண்டிட்டன். பிறகு ஒண்டும் வரேல்லை. நீங்கள் வடிவாய்த்தான் படிப்பிச்சனீங்கள் சேர், பிழை என்னிலைதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பரவாயில்லை தங்கச்சி" என்றேன், பிழை விட்டவளை மன்னிக்கிறவன் மாதிரி.