விரதச் சட்டி

எனக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்ன காலத்தில், எங்களுக்குத் தெரிந்த யாரும் அப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. கோதுமையில் குளூட்டன் என்றொரு பசை இருக்கிறதாம். கரண்டியில் ஒட்டிய மாவு உள்ளே போனாலும் என் குடல் புண்ணாகிவிடும். நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் சந்துக்குச் சந்து கோதுமை மாவைப் பிசைந்து வீசி ரொட்டி சானாய் போடுகிறார்கள். இப்படி ஒரு நோய் வர வேறு ஊர் கிடைக்கவில்லை போலும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பள்ளி விடுமுறைக்கு மோரிப் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று என் கணவரும் கிள்ளானிலிருந்த அவருடைய அலுவலக நண்பரும் முடிவு செய்தார்கள். அதற்கு முந்திய பயணங்களில் எல்லாம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு, குடும்பத்தையே பாதியில் திரும்ப வைத்திருந்தேன். "இந்த தடவையும் அம்மா படுத்துருவாங்களா?" என்று என் மகள் அவள் அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. சுருக்கென்றது. இந்த முறை செத்தாலும் படுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு சின்ன கேஸ் அடுப்பு எடுத்துவைத்தேன். கிச்சாப் என்கிற சோயா சாஸிலும் கோதுமை இருப்பதால் அது என் பக்கமே வரக்கூடாது. ஆனால் ஒரே கூடாரத்தடியில் இரண்டு குடும்பம் சமைக்கும்போது, ரொட்டி பிய்த்த கையோடு யாராவது என் சட்டியைக் கிண்டினால் கதை முடிந்தது. என் கணவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் வீட்டில் மீனும் இறைச்சியுமாக மச்சம் காய்ச்சும் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. ஒன்றின் அகப்பை மற்றதில் விழாது. அந்தப் பழக்கத்தில்தான் அவருக்கு யோசனை வந்தது.

"நோயெண்டு சொன்னா ஆருக்கு விளங்கும்? விரதம் எண்டு சொல்லுவம். ஒருத்தரும் தொடமாட்டினம்" என்றார்.

புறப்படும் முன்பே நண்பர் வீட்டில் அப்படிச் சொல்லியும் வைத்தார். சொன்னபடியே நடந்தது. நண்பரின் மனைவி என் அடுப்பைக் காற்றுக்கு மறைவாகத் தள்ளி வைத்துக் கொடுத்தார். மீன் பொரித்த கையோடு பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் அதட்டினார். முதல் நாள் சோறும் பருப்பும் கீரையும் சாப்பிட்டேன். வயிறு அமைதியாக இருந்தது. பிள்ளைகளோடு கடலில் இறங்கினேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது என் சட்டியிலிருந்து மசாலா மணம் வந்தது. அதை என் கரண்டியாலேயே கிண்டிக்கொண்டிருந்தார் நண்பரின் மனைவி. அவர் தலை ஈரமாக இருந்தது.

"நேத்து முழுக்க வெறும் பருப்புதான் சாப்பிட்டீங்க, பாவமா இருந்துச்சு லா. இது சைவ மட்டன் அக்கா. நீங்க விரதம்னு சொன்னதும் கிள்ளான்ல சீனன் சைவக் கடையில வாங்கி வெச்சேன். கோதுமையில செய்றாங்களாம், அசல் கறி மாதிரியே இருக்கும். குளிச்சிட்டுதான் சட்டிய தொட்டேன்."

மாவைக் கழுவிக் கழுவி எடுத்த பசை. எனக்கு எது விஷமோ அதையே துண்டு துண்டாக வெட்டி, என் சட்டியில் பிரட்டி வைத்திருந்தார். ஒரு வாய் மட்டும் தின்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது, அவர் முகத்தைப் பார்த்தபோது. தண்ணீருக்குள்ளிருந்து என் மகள் கை காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"விரதம் இல்லை. நோய்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அடுப்பை அணைத்தார்.

"சாமிக்குன்னா தொடமாட்டோம், உங்களுக்குன்னா கவனமா இருக்கமாட்டோம்னு நெனச்சீங்களா அக்கா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மணலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சரி, எதெல்லாம் ஆகாது, சொல்லுங்க" என்றார்.