ஆட்டினால் வரும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எது சிக்கிக்கொண்டாலும் பிடித்து ஆட்டிவிடுவேன். ஏற்காட்டில் பட்டறை போட்ட நாளிலிருந்து எத்தனையோ வண்டிகளில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படித்தான் பிரித்திருக்கிறேன். மேலும் கீழும் நாலு ஆட்டு ஆட்டினால் கழன்று வந்துவிடும். எல்லாம் கிளட்ச் வைத்த வண்டிகள்.

போன கோடைக்கூட்டம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, ஒரு டாக்சிக்காரர் தன் காரை ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தார். குப்பனூர்ப் பாதையில் ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகி, சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போயிருக்கிறது. மனிதர் நிறுத்தவில்லை.

"மேல போயிட்டா குளுந்துருமுன்னு ஓட்டிப்போட்டனுங்க" என்றார்.

இந்த மலையில் பாதிப் பேருக்கு இந்த நினைப்பு உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மலைக்காத்து என்ன உங்க மாமனாரா, உக்காந்து விசிறி உடறதுக்கு? முள்ளு எதுக்குங்க வெச்சிருக்கறான், அழகுக்கா?" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் இடது முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகுதான் அந்தக் கால் மடங்காது என்று கவனித்தேன். எப்போதோ விழுந்து எலும்பு நொறுங்கி, கம்பி வைத்த கால். அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் இந்தத் தானியங்கி கியர் வண்டி.

என்ஜின் பிடித்துவிட்டது, அசையவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அதே என்ஜின்தான் கிளட்ச் வண்டிக்கும். பழையது ஒன்று சேலத்தில் பார்த்து வைத்திருந்தார். கியர்பாக்ஸ்தான் எங்கே அலைந்தும் கிடைக்கவில்லை, அந்த மாதிரியை நிறுத்திப் பல வருடமாம். "கியர்பாக்ஸ மட்டும் பத்தரமா பிரிச்சுக் குடுத்துருங்க. அது போச்சுன்னா நான் ஸ்டியரிங்கத் தொடவே முடியாதுங்க."

அடிவாரத்தில் இந்த வேலை தெரிந்த ஒருவரைப் போனில் கேட்டேன். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஒரு இரும்புக் குடுவை, உள்ளே எண்ணெய். என்ஜினோடு ஆறு போல்ட்டில் அதை முடுக்கியிருக்கும். அடியில் உள்ள சின்னத் திறப்பு வழியாக ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், என்ஜினைச் சுற்றினால்தான் அடுத்த போல்ட் திறப்புக்கு வரும். பிடித்த என்ஜின் எங்கே சுற்றும்? "அப்படின்னா குடுவையோட சேத்து நேரா இழுங்க. அதோட கழுத்து கியர்பாக்ஸ் பம்புக்குள்ள சொருகியிருக்கும், என்ன ஆனாலும் ஆட்டீராதீங்க" என்றார் அவர்.

மூன்று நாள். முதல் நாள் பாரை போட்டு என்ஜினைச் சுழற்றப் பார்த்தேன், பாரைதான் வளைந்தது. இரண்டாம் நாள் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். மூன்றாம் நாள் காலையிலேயே மூடுபனி இறங்கிப் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டது. வெளியே ஒரு சத்தம் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, வேலையை மறுநாளைக்குத் தள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

டாக்சிக்காரர் சங்கிலியைப் பிடித்துக்கொள்ள, நான் என்ஜினைக் கப்பியில் தொங்கவிட்டு நேராக இழுத்தேன். கால் அங்குலம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன், தள்ளினேன், இழுத்தேன். வியர்வை கண்ணில் இறங்கியது. உச்சியில் ஏறிய கோபம் கைக்கு இறங்கியது எனக்கே தெரியவில்லை. ஆட்டினேன். மேலும் கீழும், இரண்டே ஆட்டு.

'டிக்' என்றது.

சுள்ளி ஒடிந்த மாதிரி சின்னச் சத்தம்தான். அடுத்த நொடி என்ஜின் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குடுவையிலிருந்து சிவப்பு எண்ணெய் என் காலில் கொட்டியது.

"ஏனுங்க, என்னமோ சத்தம் கேட்டுதுங்களே?"

"பின்னு ஏதாச்சும் கழண்டிருக்குமுங்க" என்றேன்.

"கியர்பாக்ஸு?"

"நல்லாத்தான் பிரிஞ்சு வந்துருச்சு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் குனிந்து கையைத் துடைத்தேன். "நொம்ப நன்றிங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பனிக்குள் போனார்.

அவர் போனதும் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கியர்பாக்ஸுக்கு எண்ணெய் தள்ளும் பம்பில் ஒரு காது முறிந்து, மூடியும் விரிசல் விட்டிருந்தது. அந்தப் பம்பு வேலை செய்யாவிட்டால் வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. முறிந்த துண்டு எண்ணெயில் கிடந்தது. பல் அளவுதான். போன் கையில்தான் இருந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் விடியும்போதே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை, சூடமும் நாலு எலுமிச்சம்பழமும். சேலத்து என்ஜின் ஏறியதும் சூடம் காட்டி, பழத்தை டயருக்கு அடியில் வைக்க வாங்கி வந்தாராம்.

உள்ளங்கையை விரித்து அந்தத் துண்டைக் காட்டினேன். "ஆட்டிப்போட்டேனுங்க" என்றேன்.

அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முள்ளைப் பார்க்காமல் ஓட்டியதற்கு நான் பேசிய பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட அவர் எனக்குத் திருப்பித் தரவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமுங்க" என்றார் மெதுவாக. "ஊட்டுல எல்லாருகிட்டயும் வண்டி சரியாயிருச்சுன்னு சொல்லிப்போட்டேன்."