சுட்ட இடம் ஆறியிருந்தது

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளே, அப்பாவின் பெருமைகளை நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நிதானம் வரவில்லை. எழுதுவதும் எழும்பி முற்றத்துக்குப் போவதுமாக மூன்று நாள் போய்விட்டது. மனதில் கிடப்பதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது ஒட்டுசுட்டானில். வயலும் மாட்டுப்பட்டியுமாக வளர்ந்தவர். இளவயதில் வந்த மஞ்சள் காமாலை அவரது ஈரலைப் பழுதாக்கிவிட்டுப் போனதை அப்போது யாரும் அறியவில்லை. மாட்டு வைத்தியத்தில் அவருக்குக் கைராசி உண்டு. வீக்கம் கண்ட மாட்டுக்குக் கம்பி காய்ச்சிச் சூடு போடுவார்; கூப்பிட்ட இடமெல்லாம் சைக்கிளில் போவார். யுத்தத்தால் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தபோதும் நான்கு மாடுகளை ஓட்டிக்கொண்டுதான் வந்தார்.

அங்கேதான் ஈரலில் சிறிய கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய், ஆனால் தொடக்கம் என்றார்கள். பழுதான ஈரலை வெட்டுவது ஆபத்து என்று சொன்ன கொழும்பு வைத்தியர், ஊசியை உள்ளே செலுத்தி அதன் நுனிச் சூட்டால் கட்டியைக் கருக்கினார். அப்போது அது புதிய முறை. மூன்றாம் நாள் அப்பா எழும்பி நடந்தார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்க வரவேண்டும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

எங்கள் சண்டை அதில்தான் தொடங்கியது.

"எத்தினை மாட்டுக்கு நான் சூடு போட்டனான். சுட்டால் சுட்டதுதான் பிள்ளை. பிறகேன் திரும்பத் திரும்பப் பாக்கிறது?"

அந்த நாளில் வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போக இராணுவம் தரும் அனுமதி, பாஸ், வேண்டும். கடிதம், வைத்தியரின் துண்டுச் சீட்டு, வெயிலில் வரிசை, "நாளைக்கு வாங்கோ". பிடிவாதத்தில் அப்பா தனது நாம்பன் மாட்டுக்குக் குறைந்தவர் அல்லர். நான் மட்டும் யாருடைய மகள்? ஒருநாள் எங்கள் பசுவின் கதையை எடுத்தேன்.

"அப்ப சிவலைக்கு என்ன நடந்தது? வலப்பக்கம் சுட்டியள், ஆறிச்சுது. பிறகு இடப்பக்கம் வீங்கேல்லையோ?"

அப்பா மாடுகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஓம், வீங்கினதுதான். சரி, பாஸை எடு" என்றார்.

அந்த முறைதான் ஈரலின் வேறோர் இடத்தில் புதிதாக ஒரு பொட்டு அகப்பட்டது. நேரத்தோடு கண்டதால் அதையும் சுட்டார்கள். அதன்பின் அப்பா வயல் செய்தார், தங்கச்சியின் கலியாணத்தில் பந்தி விசாரித்தார், பேரனைத் தோளில் தூக்கித் திரிந்தார்.

போன மாரியில் அப்பாவே கேட்டார்: "பிள்ளை, இந்தமுறை ஸ்கானுக்குப் போகேல்லையோ?"

அந்தக் கிழமை பாஸ் வரிசையில் மூன்று நாள் நின்று வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். அலுத்துப்போய், "முகத்தில நல்ல களை இருக்கப்பா. பொங்கல் முடியப் பாப்பம்" என்றேன். பொங்கல் முடிந்தது. அறுவடை வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

சித்திரையில் கால் வீங்கி, கண் மஞ்சளித்த பிறகுதான் போனோம். "சுட்ட ரெண்டு இடமும் சுத்தமா இருக்கு. மற்ற இடமெல்லாம் வந்திட்டுது" என்றார் வைத்தியர். முன்னமே வந்திருந்தால் தப்பியிருப்பாரா என்று கேட்டேன்.

"சொல்ல ஏலாது. பழுதான ஈரல், புதுசு புதுசா வரும். சின்னனில கண்டிருந்தா இன்னொருக்கால் சுட்டுப் பாத்திருக்கலாம்."

அந்தப் "பாத்திருக்கலாம்" என்னை ஓரிடத்தில் இருக்கவிடுவதில்லை.

திரும்பி வரும்போது வைத்தியர் சொன்னதை அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். "பாத்தியோ, சுட்ட இடம் ரெண்டும் ஆறித்தான் இருக்கு. நான் சொன்னனான்" என்றார், தான் வைத்தியம் பார்த்த மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல. இரண்டு மாதத்தில் எங்களைவிட்டுப் போய்விட்டார்.

வைத்தியருக்கும் தாதியருக்கும், கொழும்பில் இடம் தந்த சித்தி குடும்பத்துக்கும், கடிதம் தந்த கிராமசேவையாளருக்கும், நாங்கள் இல்லாத நாளெல்லாம் மாடுகளைப் பார்த்த அயலவருக்கும், அப்பாவைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிச் சுட்டிருந்தால், சுகமாய்த்தானே இருக்கிறார் என்று ஸ்கானைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பொங்கல் முடியப் பார்ப்போம் என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒருதரமாவது என்னை ஏசியிருக்கலாம்.

மூத்த மகள்