தைத்து மூடிய சட்டைப்பை

காலை ஒன்பதரைக்கு, இன்னும் யாரும் வராத நீதிமன்ற அறையில், வழக்குக்கு வருகிறவர்கள் உட்காரும் கடைசி மர பெஞ்சில் நீதிபதி தினமும் உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடம்தான். பிறகு பெஞ்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேடைக்குப் போவார். "இந்த நாட்டுக்கு வந்த புதுசுல, குடியிருக்க அனுமதி கேட்டு இதே மாதிரி பெஞ்சுல பதினோரு நாள் உக்காந்தேன், தம்பி. முதுகு இன்னும் மறக்கல" என்பார். அவர் நாற்காலிக்குக் கொடுத்த மெத்தையை முதல் நாளே என்னிடம் தள்ளிவிட்டார். நான் இங்கே தட்டச்சு செய்பவன். என் முதுகுக்கு அது தேவைதான்.

சொந்த நாட்டில் வக்கீலாக இருந்தவர். இங்கே அந்தப் பட்டம் செல்லாது என்றார்கள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் கோப்பு தூக்கிக்கொண்டே, நாற்பது வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மறுபடியும் பரீட்சை எழுதினார். அப்புறம் பத்து வருடம் நகரமன்ற உறுப்பினர். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. வழியில் மறித்து யார் எந்தக் குறை சொன்னாலும் அதில் ஏறிவிடும். அணைந்த தெருவிளக்கைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. 'விளக்கு வக்கீல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த நோட்டுதான் வினையாயிற்று. நீதிபதியான நான்காம் மாதம், வீட்டைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் போட்ட வழக்கு. குடியிருந்த அம்மாள் கூண்டில் நின்று, "மாடிப்படியில ரெண்டு மாசமா விளக்கு எரியலைங்க. முந்தாநாள் உருண்டுட்டேன்" என்றார். இவர் கை தானாகப் பைக்குப் போயிற்று. குறித்துக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளையில், பழைய பழக்கத்தில், நகராட்சிக்கு ஒரு போன். சாயங்காலமே அதிகாரி போய் உரிமையாளரைக் கடிந்துகொள்ள, படியில் விளக்கு எரிந்தது. மறுநாள் உரிமையாளரின் வக்கீல் புகாரோடு நின்றார்: எங்கள் தரப்பைக் கேட்பதற்கு முன்பே நீதிபதி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

விசாரணைக் குழு கூடியது. வேலை போய்விடும் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. போன் செய்தது யாரென்று நகராட்சிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள் என்று காதைக் கடித்தேன். "வேற ஒருத்தன் என் முன்னாடி நின்னு இப்படி மழுப்பினா சும்மா விடுவேனா?" என்று கேட்டுவிட்டு, அந்த நோட்டையே கொண்டுபோய்க் குழுவின் மேசையில் வைத்தார்.

மூன்று வாரம் போயிற்று. நேற்று குழுவிடமிருந்து உறை வந்தது. அவர் தொடவில்லை, "நீயே படி" என்றார். அந்த வழக்கு வேறு நீதிபதிக்கு மாற்றம், இவருக்கு எழுத்தில் எச்சரிக்கை, பதவியில் தொடரலாம். இன்னொரு தடவை படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி "அப்பாடா" என்றார். பிறகு, "அவரோட சட்டையெல்லாம் இன்னிக்கே வெளியில எடுக்கறேன்" என்றார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

இன்று காலை நீதிமன்ற வாசலில் ஒரு பெரியவர் அவரை மறித்தார். "ஐயா, எங்க தெருமுனை விளக்கு மூணு நாளா எரியல." அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பையின் வாய் கறுப்பு நூலால் நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தது. விரல்கள் தையலை ஒரு முறை தடவிப் பார்த்தன. பிறகு அந்தக் கையாலேயே பெரியவரின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, எதிரே இருந்த நகராட்சி அலுவலகத்தின் வாசலைக் காட்டினார்.