அரியூர்க் கொட்டகையில் 412

போன வைகாசியில் விழுப்புரத்திலிருந்து அரியூருக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல, தங்கை வீட்டுக்காரர் ஆரோக்கியம் வாங்கிய உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் போர்டைச் சோதிக்க. அதில் ரியல்டைம் லினக்ஸைப் போட்டு, மரத்தில் பூ செதுக்கும் சிஎன்சி மெஷினை ஓட்டப் போகிறார். திருபுவனை கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தொடங்கிய தொழில். முதல் பெரிய ஆர்டர் பங்குக் கோயில் கதவு. தேக்குப் பலகை கோயில் கொடுத்தது. கெட்டால் மாற்றுப் பலகை கிடையாது.

காலை 9.10க்குப் பஸ், முப்பது ரூபாய், 10.05க்கு இறங்கினேன். (நிற்காத பஸ்களும் உண்டு, கேட்டுவிட்டு ஏறுங்கள்.) அங்கிருந்து தகரக் கொட்டகைக்கு அரை கிலோமீட்டர் நடை. வெயில் மண்டையைப் பிளந்தது.

மோட்டாருக்குக் கட்டளை சொன்ன நேரத்தில் போயாக வேண்டும். ஐம்பது மைக்ரோ நொடி பிந்தினால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் செதுக்கும் பிட் இடம் தவறும். சும்மா ஓட்டியபோது தாமதம் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஆரோக்கியம் விசில் அடித்தார்.

"வேலை நேரத்துல என்னென்ன ஓடுமோ எல்லாத்தையும் போடுங்க" என்றேன். அதே போர்டில் வாட்ஸ்அப்பைத் திறந்தார்!

"இன்னா மாப்ள இது?"

"டிசைன் இதுலதானே வருது மச்சான். மெஷின் ஓடும்போதுதான் இந்த இலைய மாத்து, அந்தப் பூவ மாத்துன்னு அனுப்புவாங்க."

ஒரு படம் வந்து இறங்கியது. திரையில் 412.

வாட்ஸ்அப்பை மூடினோம். அதற்குள் தகரம் காய்ந்து போர்டு கொதித்தது. மூடியும் 180. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம், லினக்ஸின் மையமான கர்னலை மாற்றினோம், 140க்குக் கீழே இறங்கவே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்பயோ ஒரு தபாதானே மச்சான் ஏறுது?"

"பலகையும் ஒண்ணுதானே மாப்ள."

அவர் ஃபேனை நிறுத்தினார். பிறகு, "நீங்க வந்து அளக்கலன்னா ஓட்டியிருப்பேன்" என்றார். மெஷினை மட்டும் ஓட்டும் தனி கன்ட்ரோலர் வாங்க அவருக்கு வழியில்லை. சாயங்காலமே பலகையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கோயிலில் இறக்கிவிட்டு வந்தோம்.

போர்டைத் தூக்கிக்கொண்டு இப்படிக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சராசரியை நம்பாதீர்கள், உச்சத்தைப் பாருங்கள். வீட்டு மின்விசிறிக்கடியில் அளக்காதீர்கள், வேலை நடக்கும் இடத்தில், உச்சி வெயிலில் அளந்து பாருங்கள். முக்கியமாக, வேலையை விடுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்.

மறுநாள் காலை அவரும் என்னோடு பஸ் ஏறினார். பழைய கம்பெனிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். கண்டக்டரிடம் அவரே காசை நீட்டினார்.

"விழுப்புரம் ஒண்ணு. திருபுவனை ஒண்ணு."